தேனு-7 வந்த வழி

சைகோன்,
3 செப்டம்பர் 2017

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அத்தையும் தேனுவும் எப்படி இருக்கிறீர்கள்? தேனுவின் இருமல் நின்றதா? போனில் கேட்டால் அவள் பூனைக்குட்டிக் கதையைச் சொல்கிறாள், நீங்கள் பின்னாலிருந்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கத்துகிறீர்கள். அதற்குத்தானே இந்தக் கடித ஏற்பாடு. கணினியில் தட்டி அனுப்பினாலும் கடிதம் கடிதம்தான்.

முதலில் நல்ல சேதி. சென்னை ஆய்வு நிலையத்திலிருந்து எழுதிவிட்டார்கள். முனைவர் பட்டம் கையில் இருந்தால் அடுத்த ஜூனில் வேலைக்குச் சேரலாம். கல்லூரியில் படித்ததும் சென்னையில், வேலையும் சென்னையில், காரைக்குடிக்கு ஒரு ராத்திரி ரயில். நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தேன்.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்லுங்கள். போன தடவை "பாக்டீரியா வளர்க்கிறாள்" என்று சொல்லி என்னை மாட்டுப்பண்ணைக்காரி ஆக்கிவிட்டீர்கள். இறால் குளங்களில் ஒரு கிருமி வந்து குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்கிறது. அந்தக் கிருமியை அடக்கும் வேறொரு நுண்ணுயிரை நான் கன் யோ அலையாத்திக் காட்டுச் சேற்றில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம் என்றார்கள். நம் மகள் பெயரில் தேனு-7 என்று வைத்தேன். அவ்வளவுதான் என் நாலு வருடம்.

ஆய்வேட்டைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். இறால் நோயைத் தடுக்கக் குளத்தில் போடுவதற்கென்று கடையில் விற்கும் தூள் ஒன்றை வாங்கி, அதிலுள்ள நுண்ணுயிரோடு தேனு-7ஐ ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமாம். ஒரு வாரத்து வேலை.

இங்கே முனைவர் முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் தெரியுமா? எனக்கு முந்தியவர் ஒருவர் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் பீர் ஆலையில் இருக்கிறார். இன்னொருவர் தயிர்க்கடை வைத்துவிட்டார், நன்றாக ஓடுகிறது. மூன்றாமவர் மோட்டார் சைக்கிளில் சுற்றி ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்கிறார், எங்களிடமே. அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு ஜூன் மாதம் கிடைத்திருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். தேனுவுக்கு முத்தம்.

உங்கள்
சிவகாமி


காரைக்குடி,
12 செப்டம்பர் 2017

அன்புள்ள சிவகாமிக்கு,

எல்லோரும் நலம். இருமல் போய்விட்டது, பூனைக்குட்டிதான் போகவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் வண்டி ஓட்டாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஜூன் மாசம்னா நெசமாவே ஜூன் மாசந்தானா? போன வருசமும் இப்பிடித்தான் சொன்னா" என்றார்கள். எழுத்தில் வந்திருக்கிறது என்றேன். வங்கியில் சதாசிவம் சாரிடம் தேனு-7 பற்றிச் சொன்னேன். "உங்க பொண்ணு பேருல ஒரு கிருமியா?" என்று முகத்தைச் சுளித்தார். நல்ல கிருமி சார், இறாலைக் காப்பாத்தும் என்றேன். நான் சொன்னது சரிதானே?

தேனு காலண்டரில் ஜூன் மாதத்துப் பக்கத்தைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இந்த வருடத்து ஜூன் அது. சொன்னால் அழுவாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வாரத்து வேலை முடிந்ததும் எழுது.

அன்புடன்,
வயிரவன்


சைகோன்,
20 அக்டோபர் 2017

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்குப் போனில் கூப்பிட்டும் சரியாகப் பேச முடியவில்லை, மன்னியுங்கள். நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டேன். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இந்த ஊர்க்காரர்கள் கோயில் பின்சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து அம்மனிடம் வாய்விட்டுப் பேசுகிறார்கள். நானும் ஒட்டிவைத்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற பெண் செருமினாள், நகர்ந்துவிட்டேன்.

மழை விடவில்லை. வேலை கொஞ்சம் நீளுகிறது. தேனுவின் புதுப்பாவாடைப் படம் வந்தது. பல் விழுந்ததைச் சொல்லவே இல்லையே?

மற்றவை பிறகு.

உங்கள்
சிவகாமி


காரைக்குடி,
2 நவம்பர் 2017

அன்புள்ள சிவகாமிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தில் மழை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பல் இருக்கிறது. தேனு-7 பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தூள் ஒப்பீடு என்ன ஆயிற்று? ஆறு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதில் நாலு வருடம் கடல் தாண்டி. நீ எதை எழுதவில்லையோ அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியாதா? உன் பேராசிரியையோடு சண்டையா? உடம்புக்கு ஏதாவதா?

நான் வங்கி வேலையாக அடிக்கடி சென்னை போய்வருகிறேன். கடற்காற்று ஒத்துக்கொள்கிறது.

உடனே எழுது.

வயிரவன்


சைகோன்,
9 டிசம்பர் 2017

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோர் நலத்துக்கும் வேண்டுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

தேனு-7 புதியது இல்லை.

கடையில் வாங்கிய தூளிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்தேன். இரண்டின் மரபணு வரிசையையும் எடுத்து அருகருகே வைத்தேன். நாற்பது லட்சம் எழுத்துகளில் இரண்டோ மூன்றோதான் வேறு. அத்தான், அது ஒரே உயிர். எங்கள் தொழிலில் இப்படி வந்தால் முதலில் தன் கையைத்தான் சந்தேகிப்போம். தூள் பறந்து என் தட்டில் விழுந்திருக்கும், சீசாக்கள் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அப்படியானால் தேனு-7 தப்பிவிடும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. முதல் வருடம் உறையவைத்த சீசாவைத் திறந்து, வேறு அறையில், வேறு கருவிகளோடு செய்தேன். அதே பதில். முதன்முதல் எடுத்த சேறு ஒரு போத்தலில் மிச்சம் இருந்தது. அதிலிருந்தும் அதே.

தப்பு ஆய்வகத்தில் நடக்கவில்லை. நான் சேறு எடுத்த ஓடைக்கு மேலே இறால் குளங்கள் இருக்கின்றன. குளத்துக்காரர்கள் இந்தத் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டபோது அது ஓடையில் இறங்கிச் சேற்றில் தங்கிவிட்டது. இந்த வகை நுண்ணுயிர் விதையைப் போல உறைந்து வருடக்கணக்கில் கிடக்கும். நான் போய் அதைத் தோண்டி எடுத்து, காடு கொடுத்த வரம் என்று நம் மகள் பெயரை வைத்தேன். ஓடை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் நடந்து பார்த்திருந்தால் போதும்.

கோ ஹானிடம் சொன்னேன். கோ என்றால் ஆசிரியை, பேராசிரியையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். கதவைச் சாத்தினார். "மதிப்பீட்டாளர் ஒரு தூளோடு ஒப்பிடச் சொன்னார். எந்தத் தூள் என்று சொல்லவில்லை. சந்தையில் எத்தனையோ தூள் இருக்கிறது. வேறொன்றை வாங்கு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இந்த ஆய்வேடு நின்றால் அவருக்கும் அடி.

துறைக்குள் நடக்கும் வாய்மொழித் தேர்வு ஜனவரி கடைசியில். அதில் தேறினால் மற்றதெல்லாம் சடங்கு. வேறு தூள் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

என்ன செய்யட்டும்?

சிவகாமி


காரைக்குடி,
10 டிசம்பர் 2017

சிவகாமிக்கு,

நலம்.

அந்த வேறு தூளைப் பிரி. ஒப்பிடு. எழுது. தேர்வை முடித்துவிட்டுக் கிளம்பி வா.

நீ பொய் சொல்லவில்லை. ஒரு தூளோடு ஒப்பிடச் சொன்னார்கள், ஒரு தூளோடு ஒப்பிட்டாய். சென்னையில் சேர்ந்த பிறகு, கையில் பட்டமும் வேலையும் இருக்கும்போது, ஒரு கட்டுரை எழுதி எல்லாவற்றையும் திருத்திக்கொள். யார் செத்துப்போகிறார்கள்?

உன்னிடம் ஜூனில் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். நான் சென்னைக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டேன். இங்கே எனக்கு வரவேண்டிய மேலாளர் பதவியை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துத்தான் அந்த மாற்றல் கிடைத்தது. திருவான்மியூரில் வீடு பிடித்தாகிவிட்டது. உன் ஆய்வு நிலையத்துக்குப் பஸ் வாசலிலேயே நிற்கும். தேனுவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டேன். பொங்கல் கழித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவரும் போகிறோம். அம்மா அறுபது வருடம் இருந்த ஊரை விட்டு வரச் சம்மதித்ததே "மருமக வந்துருவா" என்று நான் சொன்னதை நம்பித்தான்.

இனி நீ யோசித்துக்கொள்.

வயிரவன்


சைகோன்,
2 ஜனவரி 2018

அன்புள்ள அத்தானுக்கு,

புத்தாண்டு எல்லோருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நாலு பதில் எழுதி அழித்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம். என்னைக் கேட்காமல் எப்படிப் பதவியை விட்டீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருப்பேனே! ஆனால் நானும் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தவள்தான். யார் யாரைக் குறை சொல்வது?

யார் செத்துப்போகிறார்கள் என்று கேட்டீர்கள். ஆள் யாரும் சாகவில்லை. கன் யோவில் து அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு குளம் வைத்திருக்கிறார். தேனு-7ஐ முதன்முதல் குளத்தில் போட்டுப் பார்க்கத் தன் குளங்களைத் தருவதாகச் சொன்னவர் அவர்தான். மார்ச்சில் குஞ்சு விடப்போகிறார். போன வாரம் போயிருந்தேன். என்ன தூள் போட்டீர்கள் என்று கேட்டேன். அந்தத் தூள்தான். இரண்டு வருடம் போட்டு, இரண்டு வருடமும் குஞ்செல்லாம் செத்து மிதந்ததாம். கண்ணாடிக் குடுவையில் கிருமியை அடக்குகிற உயிர் குளத்து உப்புத் தண்ணீரில் அடங்கிப்போகிறது. "அதனாலதான் உங்க புதுசுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி, எனக்கு நண்டு வேகவைத்துக் கொடுத்தார்.

அவரைக் கவிழ்த்த அதே தூளை, நம் மகள் பெயர் ஒட்டி, மூன்றாவது தடவை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நண்டை என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆனால் தேனுவை விட்டு இன்னொரு வருடம் இருக்கவும் என்னால் முடியாது. இதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. தேர்வு இருபத்தாறாம் தேதி.

உங்கள்
சிவகாமி


சென்னை,
18 ஜனவரி 2018

சிவகாமிக்கு,

பொங்கல் ஆயிற்று. எல்லோரும் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு மாடிப்படி கஷ்டம், மற்றபடி நலம்.

து அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிடு. குளத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. அதற்கு ஆய்வேட்டை ஏன் கிழிக்க வேண்டும்? அங்கே ஒருவருக்குச் சொன்னால் தீருகிற விஷயத்தை ஐந்து தேர்வாளர்கள் முன்னால் நின்று சொல்லி, இங்கே மூன்று பேரைத் தெருவில் நிறுத்தாதே.

இதற்கு மேல் நான் கெஞ்ச மாட்டேன். யோசித்துச் செய்.

வயிரவன்


சைகோன்,
29 ஜனவரி 2018

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், எல்லோரும் நலமா?

சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன வழியை நிறைய யோசித்தேன். து அண்ணனிடம் மட்டும் சொல்லலாம். ஆய்வேட்டைப் படித்துவிட்டு அடுத்த ஊர்க்காரர் குளத்தில் போட்டால் அவரிடம் யார் சொல்வது? தேர்வுக்கு இரண்டு படம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் வேறு தூள், ஒன்றில் இந்தத் தூள். மேடையில் ஏறும்வரை இரண்டும் கணினியில் இருந்தன. இந்தத் தூளின் படத்தைப் போட்டேன்.

தேர்வாளர்கள் ஐந்து பேரும் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடினார்கள். கோ ஹான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதான தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "இந்தத் தூளைத்தான் வாங்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?"

"இல்லை."

"இது வெளியே வராமல் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. முடிவு இதுதான்: தேனு-7 பற்றிய அத்தியாயங்கள் போகின்றன. குளத்தில் கொட்டும் தூள் எவ்வளவு தூரம் பரவுகிறது, சேற்றில் எத்தனை காலம் உயிரோடு கிடக்கிறது என்று புதிதாகச் செய்ய வேண்டும். மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் சேறு எடுக்க வேண்டும் என்பதால் ஒரு வருடம். து அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். தொடர்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நண்டு கொடுக்கவில்லை.

சென்னை நிலையத்துக்கு அன்று மாலையே எழுதிவிட்டேன். காத்திருக்க முடியாது, இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறோம் என்று பதில் வந்துவிட்டது.

கோ ஹான் வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காக நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "செவ்வாய்க்கிழமை படகு சொல்லியிருக்கிறேன். பூட்ஸ் எடுத்து வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
சிவகாமி


சைகோன்,
25 பிப்ரவரி 2018

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் பக்கத்துச் சேதி ஒன்றுமில்லை. இந்த ஊர்க்காரர்களின் புத்தாண்டு முடிந்து கடைகள் திறந்துவிட்டன.

உதவித்தொகை ஜூனோடு நிற்கிறது. பின் யுவோங்கில் ஒரு மீன்தீவனத் தொழிற்சாலையில் வாரம் மூன்று நாள் தரப் பரிசோதனை வேலை கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நானும் போகிறேன். தயிர்க்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

போன் செய்தால் நீங்கள் தேனுவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் தேனுவும் இப்போது சரியாகப் பேசுவதில்லை. "சாப்டேன்", "ஸ்கூல் போனேன்", அவ்வளவுதான். என்ன செய்கிறாய் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். ஜூனில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களா? அவளும் என்னை வெறுத்துவிட்டாளா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

சிவகாமி


சென்னை,
18 மார்ச் 2018

அன்புள்ள சிவகாமிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ தொழிற்சாலைக்குப் போகும் வழியில் முகமூடி போட்டுக்கொண்டு போ, புகை ஆகாது.

ஏழு வாரம் எழுதவில்லை. கோபம்தான். நீ செய்தது தப்பு என்று தோன்றியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். சரி என்று தெரிந்ததால்தான் ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தார்கள். பிறகு, "அவளுக்குச் சோறு யாரு போடுறா?" என்று கேட்டார்கள். வீட்டைக் காலி செய்யவில்லை. மேலாளர் பதவி போனது போனதுதான்.

தேனு உன்னை வெறுக்கவில்லை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. புது வீட்டைப் பற்றி உன்னிடம் சொல்லக் கூடாது, ஜூனில் நீ வரும்போது அவள்தான் கதவைத் திறந்து காட்ட வேண்டும் என்று வீடு பிடித்த அன்றே நான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. பேசினால் வாய் தவறி வந்துவிடும் என்று பயந்துதான் போனை வைத்துவிடுகிறாள். வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, "அப்பச்சி, நான் சொல்லலயே!" என்கிறாள். உன் சேலைகளுக்கு அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறாள். யாரையும் அதில் எதுவும் வைக்க விடுவதில்லை.

ஜூனில் நீ வரமாட்டாய் என்று அவளிடம் சொல்ல மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவை கடற்கரைக்கே கூட்டிப்போனேன். சோளம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் நகர்ந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீயே அவளிடம் சொல். நம் இருவரில் அதைச் சொல்லக்கூடியவள் நீதான்.

உன்
வயிரவன்